ஆமென் யாருக்கு

கீழ் வீட்டுத் தமிழ்ச்செல்வியை எனக்குப் பிடிக்காது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நல்லவள்தான், தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் கணவன் பாண்டியராஜனுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டயர் கடை. சொந்த ஊர் திருவாதவூர். வயலும் அண்ணன் தம்பிகளும் அங்கே. அறுப்பு முடிந்தால் மூட்டையில் அரிசி வந்து இறங்கும், அதில் கொஞ்சம் மாடி ஏறி எங்கள் வாசலுக்கும் வரும். கொடுக்கிறவளை எந்த வாயால் திட்டுவது? அதுதான் என் தலைவலியே. என் டப்பாவில் அவள் அரிசி, என் மகள் வயிற்றில் அவள் சோறு, என் மகள் வாயில் எந்நேரமும் அவள் பேச்சு.

மகள் பெயர் ஜெமிமா. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் மாடியில் நாங்கள், கீழே அவர்கள், இரண்டு குடும்பமும் வாடகைதான். நான் ஒரு கல்லூரி ஆபீசில் கிளார்க். என் கணவர் மெர்வின் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவர்தான். ஜெமிமா பள்ளி விட்டு வரும்போது நாங்கள் இருவருமே வீட்டில் இருக்க மாட்டோம். நான் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லித் தமிழ்ச்செல்வியிடம் கேட்டது நானேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

முதலில் நான் வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ஓடி வருவாள். பிறகு கூப்பிட்டால் வருவாள். அப்புறம் கூப்பிட்டாலும், "இதோ வாரேன்மா" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும். ஆன்ட்டி என்று கூப்பிடத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். எப்போது அது அத்தை ஆனது என்று எனக்குத் தெரியாது. மெர்வினின் உடன்பிறந்த அக்கா சாத்தூரில் இருக்கிறார், அவரைக்கூட இந்தப் பிள்ளை இவ்வளவு ஆசையாக அத்தை என்று கூப்பிட்டதில்லை. தலை பின்னிவிடுவதும் இப்போது அவள்தான். நான் பின்னினால் இழுக்கிறதாம், அத்தை பின்னினால் வலிக்கவே வலிக்காதாம். நான் பெற்ற தலை அது. அதில் இன்னொருத்தி வகிடு எடுத்துக் கனகாம்பரம் வைத்து அனுப்பினால் எனக்கு எப்படி இருக்கும்?

இத்தனைக்கும் அந்த வீட்டில் என்ன லட்சணம் என்று கேளுங்கள். பாண்டியராஜனும் அவளும் போடுகிற சண்டை தெருமுனை வரைக்கும் கேட்கும். மோட்டாரை நிறுத்த மறந்தால் சண்டை, கேபிள் கட்டானால் சண்டை, அவன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனதற்கு ஒரு சண்டை. "யோவ், ஒனக்கெல்லாம் அறிவு இருக்கா" என்று அவள் கத்துவாள். அவன் பதிலுக்குக் கத்துவான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வெளியே போனதில்லை. "டீச்சர் வீடு, எம்புட்டு அமைதியா இருக்காங்க பாரு" என்று எதிர்வீட்டு அம்மா என் காதுபடச் சொல்லியிருக்கிறார். நான் டீச்சர் இல்லை, மெர்வின்தான் வாத்தியார் என்று நான் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

அமைதிக்குக் காரணம் உண்டு. நானும் மெர்வினும் பேசிக்கொள்வதில்லை.

பெரிய வெள்ளி ஆராதனையில் தனிப்பாட்டு எப்போதும் நான்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது என் இடம். என் பாட்டைக் கேட்டுத்தான் மெர்வின் பெண் கேட்டே வந்தார். இந்த வருடம் பயிற்சிக்குப் போய் நிற்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கிற ஒரு நர்ஸ் பெண்ணின் கையில் பாட்டுத்தாளைக் கொடுக்கிறார். என்னைப் பார்த்து, "எஸ்தர், நீ கோரஸ்ல நில்லு" என்கிறார். அத்தனை பேர் முன்னால். வீட்டுக்கு வந்து கேட்டேன். என் குரல் உடைந்துவிட்டதாம், சபை நலனைத்தான் பார்க்க வேண்டுமாம். நான் சும்மா விடுவேனா? சாத்தூருக்குப் போன் போட்டு அவர் அக்காவிடம், உங்கள் தம்பிக்கு நர்ஸ் குரல்தான் இனிக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாப்பிடக் கூப்பிடுவதும் சாவி கேட்பதும் எல்லாம் ஜெமிமா வழியாகத்தான். "அப்பாவை வரச் சொல்லு." "அம்மாட்ட சொல்லு, நான் வெளியில சாப்பிட்டுட்டேன்னு." ஒரே அறையில் நின்றுகொண்டு அவளிடம் சொல்வோம், அவள் எங்கள் நடுவே நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவாள்.

ஆனால் குடும்ப ஜெபத்தை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பாஸ்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, என்ன வந்தாலும் சேர்ந்து முழங்கால் போடுவதை விட்டுவிடாதீர்கள், முழங்கால் போடுகிற வீடு உடையாது என்று சொல்லியிருந்தார். அதை நாங்கள் பிடித்துக்கொண்டோம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரிப்போம். ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு முழங்கால். முதலில் அவர் ஜெபிப்பார், அடுத்து நான், கடைசியில் ஜெமிமா. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசும்போது எதை வேண்டுமானாலும் பேசலாம், இல்லையா? அதைக் கண்டுபிடித்தது அவர்தான், நான் இல்லை.

"ஆண்டவரே, இந்த வீட்டில் பெருமை பிடித்த இருதயத்தை உடைத்தருளும்" என்று ஒரு நாள் ஆரம்பித்தார். "அடுத்தவரின் பாட்டுத் தாலந்தைப் பார்த்துப் புழுங்குகிற பொறாமையின் ஆவியை இந்தக் குடும்பத்தைவிட்டுத் துரத்தும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முறை வந்ததும், "கர்த்தாவே, சொந்த மனைவியை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கிறவர்களின் கண்களைத் திறந்தருளும்" என்றேன். "வெளியே இனிமையும் வீட்டிலே கசப்புமாக இருக்கிற நாவுகளைத் தொடும்." குரலை உயர்த்தவே இல்லை. இரண்டு பேருமே தாழ்ந்த குரலில், உருக்கமாகத்தான் ஜெபித்தோம். வெளியிலிருந்து யாராவது கேட்டிருந்தால் எங்கள் பக்தியைப் பார்த்து அழுதிருப்பார்கள்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் ஜெபிக்கும்போது ஒவ்வொரு விண்ணப்பத்தின் முடிவிலும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். மெர்வின் ஜெபத்துக்கு நான் சொல்ல மாட்டேன், என் ஜெபத்துக்கு அவர் சொல்ல மாட்டார். மிச்சம் இருப்பது ஜெமிமா. அவளுக்குப் பழக்கம், இரண்டு பேருக்கும் சொல்வாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அவர் ஜெபத்துக்குச் சொன்ன ஆமென் கொஞ்சம் பலமாக இருந்துவிட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது. என் ஜெபத்துக்கு நன்றாகச் சொன்னாள் என்றால் மறுநாள் அவளுக்கு முட்டைப் பணியாரம் கிடைக்கும். மெர்வினும் சளைத்தவரில்லை. தனக்குச் சாதகமாகப் போன நாளில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெப்பக்குளக் கரைக்குப் போய்ப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். மாடியிலிருந்து அதைப் பார்க்கும்போது எனக்குக் காதில் புகை வரும்.

கடைசியில் அவளுடைய ஜெபம். மனப்பாடமாகச் சொல்லும் சின்ன ஜெபம்தான். அதற்கு மட்டும் நாங்கள் இருவரும் முந்திக்கொண்டு ஆமென் சொல்வோம். அவள் முடித்து மூச்சு விடுவதற்குள் யார் குரல் வருகிறது என்பதில் எங்களுக்கு ஒரு போட்டி. "அப்பாவுக்காக, அம்மாவுக்காக ஸ்தோத்திரம்" என்று ஒரு நாள் சொன்னாள். அப்பா முதலில் வந்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, இட்லித் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் அம்மாவை முதலில் சொன்னாள். மெர்வின் பசியில்லை என்று படுத்துவிட்டார். அதற்கு அடுத்த நாளிலிருந்து பெயரே சொல்லாமல், "எல்லாருக்காகவும் ஸ்தோத்திரம்" என்று முடித்துக்கொண்டாள். புத்திசாலிப் பிள்ளை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஆமென் குறைந்தது. முணுமுணுப்பாகி, உதடு மட்டும் அசைந்து, அதுவும் நின்றது. சாயங்காலம் ஆனால் வயிறு வலிக்கிறது என்றாள். ஓமம் வறுத்துக் கொடுத்தேன், டாக்டரிடமும் காட்டினேன், அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அப்புறம் கீழ் வீட்டிலேயே தூங்கிப்போக ஆரம்பித்தாள். ஏழு மணிக்கு நான் போய்க் கூப்பிட்டால், தமிழ்ச்செல்வி மடியில் சுருண்டு கிடப்பாள். "தூங்கிட்டாக்கா, சாப்பிட்டும் முடிச்சுட்டா, அப்புறமா தூக்கிட்டு வாரேன்" என்பாள் அவள். என் மகள் தலை அவள் மடியில், அவள் கை என் மகள் முதுகில். நான் படியேறி வந்து, நடுவில் ஆளில்லாத பாயில் முழங்கால் போடுவேன். கேட்க ஆளில்லாத நாளில் ஜெபம் சப்பென்று முடிந்துவிடும்.

ஒரு நாள் சீக்கிரமே வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கும்போதே கீழே கச்சேரி நடந்துகொண்டிருந்தது. டேங்க் நிரம்பி வாசலெல்லாம் தண்ணீர். மோட்டாரை நிறுத்தச் சொன்னேனா இல்லையா என்று அவள் கத்துகிறாள், கடையிலிருந்து போன் மேல் போன் வந்தால் நான் என்ன செய்ய என்று அவன் கத்துகிறான். என் பிள்ளை நடுங்கிப்போயிருப்பாள் என்று பதறி உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாண்டியராஜன் ஏதோ சொல்ல, தமிழ்ச்செல்வி ஈரத் துணியை அவன் மேல் எறிந்தாள். அது அவன் முகத்தில் போய் விழுந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். என் மகள் வாயில் சோற்றோடு, புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மாடிக்கு இழுத்து வந்து, அந்த மாதிரிச் சண்டை போடுகிற வீட்டில் உனக்கு என்ன இருப்பு என்று கேட்டேன்.

"மோட்டர ஆஃப் பண்ண மறந்துட்டாங்கம்மா மாமா, அதுக்குத்தான்" என்றாள். "அது முடிஞ்சிருச்சு." பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டுல எதுக்குன்னே தெரியலைல்லம்மா."

நம் வீட்டில் யார் சண்டை போட்டார்கள் என்று அதட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பேச்செல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கா தெரியாது?

போன வாரம் ஜெமிமாவின் வகுப்பு ஆசிரியை என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். ஞானம் டீச்சர் என்று பெயர், எங்கள் சபைதான். ஜெமிமா படிப்பில் ஒரு குறையும் இல்லை என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் பள்ளி முடியும்போது வகுப்பில் ஒரு ஜெபம் நடக்கும். ஜெபம் பண்ணுவோம் என்று அவர் சொன்ன உடனே இவள் முகம் வெளுத்துவிடுகிறதாம். கையெல்லாம் சில்லிட்டுப் போகிறதாம். இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாளாம். முந்தின நாள் கண்ணை மூடச் சொன்னபோது, பாவாடை நனைந்துவிட்டதாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

"வீட்டுல ஏதும் மனக்கஷ்டமா எஸ்தர்?" என்று மெதுவாகக் கேட்டார். "நீங்களும் சாரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் ஒரு நாள் நின்றதில்லை டீச்சர் என்றேன். அதற்கு மேல் அவரால் என்ன கேட்க முடியும்? பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஜெபம் என்றால் வாந்தி. ஜெப நேரத்தில் தூக்கம். யார் வீட்டில் தூக்கம்? யார் மடியில் தூக்கம்? மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. சோற்றைப் போட்டு, பூவை வைத்து, அத்தை என்று கூப்பிட வைத்து, கடைசியில் என் பிள்ளையை ஜெபத்திலிருந்தே பிடுங்கிவிட்டாள். மகளைத்தான் எடுத்துக்கொண்டாள் என்று பார்த்தால், ஆண்டவரிடமிருந்தும் அல்லவா எடுக்கப் பார்க்கிறாள்? பாவி, எவ்வளவு நைசாகச் செய்திருக்கிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேராகக் கீழ் வீட்டுக்குள் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தமிழ்ச்செல்வி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய், ஜெபம் பண்ணக் கூடாது என்று சொன்னாயா, அவளை யாராக மாற்றப் பார்க்கிறாய் என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அந்தத் தெருவில் முதல்முதலாக என் குரல் வெளியே கேட்டது அன்றைக்குத்தான். சண்டைக்காரிதானே, திருப்பிக் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. சாமி சத்தியமா" என்றாள். "ஏழு மணி ஆகப்போகுதுன்னா புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது. 'அத்தை, நான் தூங்கிட்டேன்னு அம்மாட்ட சொல்லுங்க'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுறா. தூங்க மாட்டாக்கா, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு மடியில கெடப்பா. நீங்க மேல போன பெறகுதான் மூச்சு விடுறா. நானா என்னன்னு கேக்குறது? பெரியவங்க வீடு."

தூங்கவில்லையா? இத்தனை நாளும் என் குரல் கேட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாளா? அதை இவள் என்னிடமிருந்து மறைத்தாளா? என் மகளுக்கும் எனக்கும் நடுவில் இல்லாத ரகசியம் என் மகளுக்கும் இவளுக்கும் நடுவில். அவள் சொன்னதில் எனக்கு அதுதான் குத்தியது, வேறு எதுவும் காதில் ஏறவில்லை. ஜெமிமா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையைப் பிடித்துத் தரதரவென்று மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இனிமேல் கீழே காலை வைத்தால் பார் என்றேன். அவள் அழவில்லை.

மெர்வின் வீட்டில்தான் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கிறது. ஜெமிமாவைப் பார்த்து, "அம்மாட்ட சொல்லு, தெருவே சிரிக்கிற மாதிரி நடந்துக்க வேணாம்னு" என்றார். ஜெமிமா என் பக்கம் திரும்பவில்லை. எதையும் சொல்லவும் இல்லை. பாயை எடுத்து அவளே விரித்தாள்.

அன்றைக்கு மெர்வின் ஜெபம் நீண்டது. பெற்ற பிள்ளையைக் கவனிக்காமல் அயலார் வீட்டில் விட்டுவிட்டு, அந்த அயலார் மேலேயே பொறாமைகொள்கிற தாய்மாருக்காக மன்றாடினார். பொறாமை என்ற வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னார். ஜெமிமாவிடமிருந்து ஆமென் வரவில்லை. நான் விட்டேனா? தகப்பன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு பஞ்சுமிட்டாயோடு கடமையை முடித்துக்கொள்கிறவர்களுக்காக நான் மன்றாடினேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாவாடையை நனைக்கும் அளவுக்குப் பயந்து கிடப்பது யாருடைய கடின இருதயத்தால் என்று ஆண்டவரிடம் கேட்டேன். எனக்கும் ஆமென் வரவில்லை. சரி, இரண்டு பேருக்கும் இல்லை என்று ஒரு அற்ப திருப்தி.

அவள் முறை வந்தது. பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேசினாள். மெல்லிய குரல், வழக்கத்தைவிட நீளமாக ஏதோ சொன்னாள். நான் கண்ணை மூடியிருந்தேன். எனக்குள் அவர் சொன்ன பொறாமை என்ற வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே, விட்டுவிட்டேனே, நாளைக்கு அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குரல் காதில் விழுந்தது, வார்த்தை விழவில்லை. குரல் நின்றது. மெர்வின் மூச்சை இழுப்பது கேட்டது. இன்றைக்கு அவரை முந்தவிடக் கூடாது.

"ஆமென்" என்றேன், பலமாக. அதே நொடியில் அவரும் சொன்னார், என்னைவிடப் பலமாக.

கண்ணைத் திறந்தேன். ஜெமிமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம். வரும்போது தோளில் பள்ளிக்கூடப் பை, கையில் மடித்த யூனிஃபார்ம், அதன்மேல் அவளுடைய பல் பிரஷ். நேராக வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?" என்றேன்.

"கீழ."

"கீழ போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் ஜெபத்துல கேட்டேன்லம்மா" என்றாள். வீம்பு இல்லை, வகுப்பில் பதில் சொல்வது போல நின்று நிதானமாகச் சொன்னாள். "என்னைத் தமிழ் அத்தை வீட்டுப் பிள்ளையா ஆக்கிருங்க ஆண்டவரேன்னு கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஆமென் சொன்னீங்கள்ல."

படியிறங்கிப் போய்விட்டாள். நாங்கள் பாயில் முழங்காலிலேயே இருந்தோம்.

"எஸ்தர்" என்றார் மெர்வின். பேச்சு நின்ற பிறகு என் பெயரை அவர் வாயால் கேட்டது அப்போதுதான். "அவ கேட்டது ஒனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல. ஒங்களுக்கு?"

இல்லை என்று தலையாட்டினார். நாங்கள் இருவரும் அவ்வளவுதான் பேசினோம். நான் எழுந்து ஓடினேன்.

கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜெமிமா பையைச் சுவரோரமாக வைத்துவிட்டு, யூனிஃபார்மை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வியின் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்த சிரிப்பு இருக்கும், அதைப் பார்த்துவிட்டு நாலு அறை விடலாம் என்றுதான் வந்திருந்தேன். அவள் கண் கலங்கி, கைகால் ஓடாமல் நின்றிருந்தாள். "என்னக்கா இது, இங்கதான் இருக்கப் போறேங்கிறா" என்றாள். பின்னால் படியில் மெர்வின் வந்து நிற்பது தெரிந்தது.

வீட்டுக்கு வா ஜெமி என்றேன். அதட்டத்தான் நினைத்தேன், குரல் உடைந்துவிட்டது. அவள் என்னிடம் வந்தாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகிற சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போலப் பேசினாள்.

"நான் அங்க இல்லேன்னா நீங்களும் அப்பாவும் சும்மா ஜெபம் பண்ணலாம்மா. நான் யாருக்கு ஆமென் சொல்றேன்னு பாக்க வேணாம். அப்பச் சண்டை வராது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஏதாவது தர வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வாரேன்மா. ஒன் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்" என்றாள். உடனே படியில் நின்ற மெர்வினைப் பார்த்துவிட்டாள். அவள் கை சில்லிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா பக்கத்துல" என்றாள் அவசரமாக.

அந்த வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெர்வினும் வந்து வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பாண்டியராஜன் டிவியை அணைத்தான். தமிழ்ச்செல்வி உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து ஜெமிமாவுக்குப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். வயிறு வலிக்கிறது என்று சொல்லவில்லை என் பிள்ளை. வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள்.

அவள் கையிலிருந்து என் மகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. எழுந்து போகவில்லை.